தாமதம் கையிலா, திரையிலா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே நன்றாக இருக்கிறாயா, அந்த வறட்டு இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது, போனில் கேட்டால் 'ம்' என்று ஒரு சத்தம் போடுகிறாய், அது ஆமாவா இல்லையா என்று நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே செய்தி என்று பார்த்தால், லேபில் ரத்த அணுக்களை எண்ணப் புது மெஷின் வந்திருக்கிறது, வந்த நாளிலிருந்து பெரிய டாக்டர் அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறார், நான் பழைய மைக்ராஸ்கோப்பையும் துடைத்துத் துணி போட்டு ஓரமாக வைத்திருக்கிறேன், மெஷின் சொல்வதில் சந்தேகம் வந்தால் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடலாம் இல்லையா. நம் கட்டிடத்துப் படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள், 'ஈரம்' என்று எழுதி மாட்டியிருந்ததை அப்பா நின்று படித்துவிட்டு, நிஜமாகவே ஈரமா என்று தொட்டுப் பார்த்து, உள்ளங்கை முழுக்கப் பச்சையோடு வந்து நின்றார். நீ கேட்டாயே, நான் அனுப்பிய போட்டோவில் பீரோவுக்குப் பின்னால் தெரிகிற அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி என்ன என்று, ஆமாம், புது டிவி வந்த பெட்டிதான், வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அப்பாவும் பக்கத்திலேயே இருப்பார், அவர் காதுபடச் சொல்ல முடியாத ஒன்று இதில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். ஏதாவது சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படி.

அப்பாவுக்கு அந்த லேசான பக்கவாதம் வந்து, நீ ஓடி வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனபிறகு, கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, இடது கை மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி சொன்னதை மெதுவாகத்தான் செய்தது. பிசியோ செய்ய வருகிற தம்பி, "சும்மா பந்தை அமுக்கச் சொன்னா சார் தூங்கிடறாரு, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யற மாதிரி ஏதாவது விளையாட்டு குடுங்க" என்றதும் நீ உன் பழைய கேம் பெட்டியைப் பார்சலில் அனுப்பிவைத்தாய். கார்ப் பந்தயம். இடது கட்டைவிரலால் கன்ட்ரோலரில் இருக்கிற சின்னக் குச்சியை அசைத்துத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்ததும் உன் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை நீயே வீடியோவில் பார்த்தாய். துறைமுகத்தில் முப்பது வருஷமாக இரண்டு கையாலும் இரண்டு லீவரைப் பிடித்துக் கிரேன் ஓட்டுகிறவர் இல்லையா, அவர் கன்டெய்னரை லாரிமேல் இறக்கினால் லாரிக்காரர் கையில் இருக்கிற டீ சிந்தாது என்பதற்காகத்தானே அங்கே எல்லோரும் அவரை 'பஞ்சு' என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த விளையாட்டில் மலையைக் குடைந்து போகிற சுரங்கப்பாதை ஒன்று வருமே, அதற்குள் இருக்கிற வளைவில் பஞ்சு தினமும் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ அங்கிருந்து கூட ஓட்டினாய், நீ போய்ச் சேர்ந்து ஒரு யுகம் கழித்து அவர் வருவார்.

ஒரு ஞாயிறு பந்தயம் முடிந்தபிறகு என்னைப் போனில் கூப்பிட்டு நீ சொன்னாய். "அம்மா, அப்பாவுக்கு ரியாக்‌ஷன் வேகமே போயிடுச்சும்மா. நான் பாத்துட்டேதான் இருக்கேன், கொஞ்சம்கூட முன்னேத்தமே இல்ல. அந்த உயரத்துல கிரேன் எல்லாம் இனிமே வேணாம், வேலையை எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்கச் சொல்லு." நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் ஈரம், போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் சாய்த்து வைத்திருந்தேன். அப்பா கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடிச் சமையலறை வாசலில் நின்றார். உன்மேல் எனக்குக் கோபமில்லை, பயத்தில்தான் சொன்னாய், நானும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். மறுநாள் பார்க்கிறேன், கேமின் கன்ட்ரோலரை ஒரு துவாலையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதற்குப்பின் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோதெல்லாம் 'நெட் சரியில்ல' என்று அவர் சொன்னது பொய். துறைமுகத்து மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அப்போது பத்து வாரம்தான் இருந்தது, அதில் தேறினால்தான் மறுபடி கிரேன் ஏறலாம். பிசியோத் தம்பி வந்தால் கையை நீட்டுவார், போனால் மடித்துக்கொள்வார், அவ்வளவுதான். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது எனக்கு என்னவோ தோன்றியது, கன்ட்ரோலரை எடுத்து நானே அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தேன். சிரிக்காதே. நேர்ரோட்டில் தட்டுத்தடுமாறி ஓட்டினேன், சுரங்கத்துக்குள் போனேன், அதே வளைவு, அதே சுவர், அதே இடத்தில் முட்டினேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி முட்டினேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது வேறு, ஆனால் பிறந்து நான்கு நாளான குழந்தையின் நரம்பில் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிற கை இது, குழந்தை காலை உதைக்கிற நொடியில் ஊசியை வெளியே எடுத்துவிடுகிற கை, இந்தக் கையைப் பார்த்து மந்தம் என்று யாரும் சொன்னதில்லை. நான் குச்சியைத் தள்ளினேன், தள்ளினது எனக்குத் தெரிந்தது, திரையில் வண்டி சாவகாசமாக யோசித்துவிட்டுத் திரும்பியது. லேபில் ஒரு ரிசல்ட் கன்னாபின்னாவென்று வந்தால் நாங்கள் நோயாளிக்குப் போன் போட்டுப் பயமுறுத்த மாட்டோம், அளவு தெரிந்த ஒரு சாம்பிளை அதே மெஷினில் போட்டு, மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இருபத்தாறு வருஷமாக இதைச் செய்கிறவள், வீட்டில் ஒரு மனுஷரின் கையை மட்டும் மெஷினைப் பார்க்காமலே தப்பு என்று எழுதிவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் போனில் மெதுவாக ஓட்டிக் காட்டுகிற வீடியோ இருக்கிறது தெரியுமா, ஒரு வினாடியை இருநூற்று நாற்பது படமாக வெட்டிக் கொடுக்கும். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, என் கட்டைவிரலும் டிவியும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி வைத்து எடுத்தேன். விரல் குச்சியை அசைத்த படத்திலிருந்து, திரையில் சக்கரம் அசைகிற படம் வரை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினேன், நாற்பத்தேழு. யார் விரல் என்பது இதில் கணக்கே இல்லை பார், விரல் அசைந்த பிறகுதான் எண்ணவே ஆரம்பிக்கிறேன். ஐந்து தடவை எடுத்துத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா வந்துவிட்டார். "என்ன எண்ணிட்டு இருக்க?" என்றார். சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "எனக்குச் சமாதானம் சொல்றதுக்கு ஒரு கணக்கு கண்டுபிடிச்சியா?" என்றார். "நான் சொல்ல வேணாம், நீங்களே எண்ணுங்க" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். நாற்பத்தேழு, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. டீ ஆறிப்போனது. பிறகு சொன்னார், "கிரேன்லயும் தாமதம் உண்டு. லீவரைத் தள்ளினா கயிறு ஆடி, அப்புறம்தான் பெட்டி நகரும். ஆனா அது எனக்குத் தெரிஞ்ச தாமதம், கை அதுக்கு முன்னாடியே போயிடும். இது இருக்கறதே தெரியாம நான் என் கையைத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

டிவியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து இரண்டு பேரும் படித்தோம், டிவி என்பது வருகிற படத்தை அப்படியே காட்டிவிடுவதில்லையாம், வாங்கி, கறை துடைத்து, வழவழப்பாக்கி, நிறம் கூட்டி, அலங்காரம் பண்ணித்தான் வெளியே அனுப்புமாம். செய்தி பார்க்கிறவருக்கு அது நல்லது, பந்தயம் ஓட்டுகிறவருக்குப் பாடு. அதை நிறுத்துவதற்கு 'கேம்' என்று ஒரு இடம், மூன்று மெனுவுக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாமல் இருந்தது. போட்டோம். நாற்பத்தேழு இருபத்தொன்பது ஆனது. நீ ஏன் இதை எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன், உன் டிவி உன் முன்னால் இருக்கிறது, எங்கள் டிவி எங்கள் முன்னால் இருக்கிறது, அங்கிருந்து உனக்கு எப்படித் தெரியும். அப்பா பத்துத் தடவை சுரங்கத்துக்குள் போனார், இரண்டு தடவை முட்டாமல் வெளியே வந்தார். அதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. மிச்சம் எட்டுத் தடவை ஏன் முட்டுகிறது என்று பார்த்தால், நம் பழைய டிவியில் இருட்டு இருட்டாகவே இல்லை, சாம்பல். சுவரும் சாம்பல், ரோடும் சாம்பல், வண்டி வேகமாகப் போனால் அந்தச் சாம்பலும் வால் மாதிரி இழுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறது. அப்பா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, அவராகவே, "டிவி பாக்கப் போலாமா?" என்றார். நான் புடவைகூட மாற்றவில்லை, அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன், அவர் மனம் மாறிவிடுமோ என்று.

பெரிய தெருவில் மாடியில் இருக்கிற கடை. ஒரு சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே தேன் சொட்டு, ஒரே பூ விரிகிறது. அந்தக் கிளியைப் பார்த்து எதை வாங்குவது, எல்லாக் கிளியும் அழகாகத்தான் இருக்கிறது. விற்பனைப் பையன் ஒன்றின்மேல் ஒட்டியிருந்த '1 மில்லி செகண்ட்' என்ற ஸ்டிக்கரைக் காட்டி, "சார், இதுக்கு மேல வேகம் உலகத்துலயே கிடையாது" என்றான். நான் கேட்டேன், "பட்டனை அமுக்கினதுலருந்து படம் மாறற வரைக்குமா, இல்ல ஒரு புள்ளி நிறம் மாறறதுக்கு மட்டுமா தம்பி?" அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், உள்ளே போய் ரிப்பேர் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். கொண்டையில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தாள். "நீங்க கேட்டது சரி மேடம், இது புள்ளி மாறற நேரம். அது மெதுவா இருந்தா படத்துக்கு வால் முளைக்கும். பட்டன் கணக்கு வேற, அதை ஸ்டிக்கர்ல யாரும் ஒட்ட மாட்டாங்க" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவளும் அலுக்காமல் சொன்னாள்.

சாதாரண எல்இடி டிவி என்றால் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது, முன்னால் கோடிக்கணக்கில் கதவு, கதவை மூடினால் கருப்பு, ஆனால் எந்தக் கதவும் முழுசாக மூடாது, இடுக்கு வழியே வெளிச்சம் கசியும். அதுதான் நம் வீட்டுச் சாம்பல். எனக்கு உடனே புரிந்துவிட்டது, கண்ணாடிச் சில்லைக் கீழிருந்து விளக்குப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது மாதிரிதானே. க்யூலெட் என்பதும் அதே விளக்குதான், நடுவில் நிறத்தைச் சுத்தம் பண்ணுகிற ஒரு படலம். "பேரைப் பாத்து ஓலெட்டோட தம்பின்னு நெனச்சுடாதீங்க, எல்லாரும் அப்படித்தான் ஏமாந்து போறாங்க" என்றாள். மினி எல்இடி என்றால் பின்னால் இருக்கிற விளக்கையே ஆயிரக்கணக்கில் பொடிப்பொடியாக வைத்து, இருட்டு வேண்டிய இடத்தில் மட்டும் அணைத்துவிடுகிறார்கள். ஓலெட்டில் விளக்கே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், வேண்டாம் என்றால் தானே அணையும். காசநோய்க் கிருமியைத் தேட ஒரு சாயம் ஏற்றிப் பார்ப்போம், பார்க்கிற இடமெல்லாம் மை இருட்டு, கிருமி மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும், சரியாக அந்த மாதிரி. அப்படியானால் எல்லோரும் ஓலெட்டையே செய்துவிட்டுப் போகலாமே, ஏன் மற்றதெல்லாம் என்று கேட்டேன். ஒரே படம் ஒரே இடத்தில் நாள்பூரா நின்றால் அந்தப் புள்ளிகள் சீக்கிரம் களைத்துத் தடம் விழலாம், வெளிச்சமும் மினி எல்இடி அளவுக்கு வராது என்றாள். "இப்ப வர்றதுல ரொம்பக் குறைஞ்சிருக்கு மேடம், ஆனா வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்." அப்போது அப்பா கேட்டார், "எங்க பெட்டியைக் கொண்டுவந்து இதுல எல்லாம் மாட்டி ஓட்டிப் பாக்கலாமா?"

அடுத்த புதன்கிழமை காய்கறிப் பையில் கேம் பெட்டியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனோம், பை ஓரத்தில் கறிவேப்பிலை இரண்டு ஒட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பெண் நான்கு டிவியை வரிசையாகக் கேமுக்கு மாற்றிவைத்தாள், நான் ஒவ்வொன்றிலும் போனைச் சாய்த்து விரலையும் திரையையும் படம் பிடித்து எண்ணினேன். என்ன வந்தது தெரியுமா, சாதாரண எல்இடி இருபத்தொன்று, க்யூலெட் இருபது, மினி எல்இடி இருபது, ஓலெட் பத்தொன்பது. அவ்வளவுதான் வித்தியாசம்! நான் எழுதி வைத்ததைப் பார்த்து விற்பனைப் பையனே வாயைப் பிளந்தான். கேமுக்கு மாற்றிவிட்டால் பட்டன் தாமதத்தில் நான்கும் ஒரே குலம், பிரிவது இருட்டிலும் வாலிலும்தான். வினாடிக்கு நூற்றிருபது படம் காட்டுகிற டிவி என்றால் இன்னும் குறையுமாம், ஆனால் நீ அனுப்பிய பழைய பெட்டி அறுபதுக்கு மேல் கொடுக்காது, கொடுக்காத படத்தை டிவி எங்கிருந்து காட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகு அப்பா ஓட்டினார். வீட்டுக்கு வெளியே, நாலு பேர் பார்க்க, அந்தக் கையை அவர் நீட்டியதே இல்லை, கல்யாண வீட்டில்கூடப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். சாதாரண எல்இடியில் பத்துக்கு மூன்று. க்யூலெட்டில் நான்கு. ஃபிரிட்ஜ் பார்க்க வந்த ஒரு குடும்பம் நின்றுவிட்டது, ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "இடது பக்கம் ஒடிங்க, இடது பக்கம்" என்று தானே ஓட்டுகிற மாதிரி கத்தினார். மினி எல்இடியில் ஆறு. கடைசியாக ஓலெட். சுரங்கத்துக்குள் போனதும் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், கைதட்டல் கேட்டதும் பார்த்தேன், வண்டி அந்தப் பக்கம் வெயிலில் போய்க்கொண்டிருக்கிறது. பத்துக்கு எட்டு. சுவர் எங்கே முடிகிறது, ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. அப்பா சிரிக்கவில்லை, கன்ட்ரோலரை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் என்ன, ஓலெட்டைக் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்குள் ஜன்னலே இல்லை, நம் ஹால் அப்படியா, அவர் விளையாடுகிற நான்கு மணிக்கு மேற்கு வெயில் நேராக டிவியின் முகத்தில் அடிக்கும். அந்தப் பெண்ணிடம் சொன்னேன், அவள் ஒரு ஓலெட்டையும் ஒரு மினி எல்இடியையும் கண்ணாடிக் கதவுக்கு எதிரே தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்பா ஓலெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நான்தான் தெரியறேன், ரோடு தெரியல" என்றார். சுரங்கம் முழுக்க அவர் வழுக்கைதான். மினி எல்இடி வெயிலை எதிர்த்து நின்றது, ஆனால் ஓரமாக நின்று பார்த்தால் நிறம் வெளுக்கிறது, இருட்டில் விளக்குகளைச் சுற்றி மங்கலாக ஒரு ஒளிவட்டமும் தெரிந்தது. வெயில்தானே தொல்லை, ஜன்னலுக்குக் கனமாகத் திரை தைத்துப் போட்டுவிடுகிறேன், ஓலெட்டே எடுக்கலாம் என்றேன். விளையாட்டின் மூலையில் வேகம் காட்டுகிற வட்டம் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறதே, தடம் விழுமே என்றார். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம் சார் என்று அவள் சொன்னாள். இல்லை, ஒளி அதிகம் இருப்பதே நல்லது என்றார். எட்டு எங்கே ஆறு எங்கே என்று நான் விடாமல் கேட்டேன். கடைசியில் மெதுவாகச் சொன்னார், "ஜன்னலை மூடாத. அங்கருந்து கிரேன் தலை தெரியும்." நம் ஜன்னலில் எதிர்க்கட்டிடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு விரல்கடை அகலத்தில் துறைமுகம் தெரிகிறது என்பது இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. மினி எல்இடியே எடுத்தோம், ஓரப் பார்வைக்கு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டோம், கூடத்தில் நடக்கிறவர்கள்தான் இப்போது அவரைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, நீ வந்தால் நீயும் சுற்றித்தான் போக வேண்டும்.

இங்கே வரைக்கும் படித்துவிட்டு, எல்லாப் பழியும் டிவியுடையது என்று நினைத்துவிடாதே. வீட்டில் கொண்டுவந்து மாட்டி ஒரு வாரம் ஆனபின்னும் பத்துக்கு ஆறுதான், அதற்கு மேல் ஏறவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, மனமும் ஓடவில்லை. மெஷினைச் சரிபார்த்தாயிற்று, இனிமேல் வருகிற ரிசல்ட் நோயாளியுடையது, அதைப் பார்க்காமல் விட்டால் நான் என்ன லேப்காரி. ஆட்டத்தின் ஆரம்பத்தில் சிவப்பு விளக்கு பச்சையாகுமே, எப்போது ஆகும் என்று முன்கூட்டித் தெரியாது. பட்டனை ஒருமுறை வலது பக்கத்திலும் ஒருமுறை இடது பக்கத்திலும் வைத்து, திரையில் பச்சை வந்த படத்திலிருந்து அவர் விரல் அமுங்குகிற படம் வரை எண்ணினேன். இதில் டிவிக்குப் பங்கே இல்லை. வலது கை ஐம்பத்தைந்து. இடது கை எழுபத்தெட்டு. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "எவ்வளவு?" என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். "பால் இல்ல, எனக்குத் தெரியும். எவ்வளவு, சொல்லு" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "சரி. இது என்னோடது. இதுல நான் வேலை செய்யலாம்" என்றார். நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லையடி, கன்ட்ரோலரைத் துவாலையில் சுற்றி வைத்த மனுஷர் அன்றைக்குத்தான் உண்மையாகவே விளையாட உட்கார்ந்தார். பிசியோத் தம்பி விரலுக்குப் புதுப் பயிற்சி கொடுத்தார், நான் வாரத்துக்கு ஒருநாள் எண்ணுவேன். எழுபத்துநான்கு, எழுபத்துநான்கு, அறுபத்தொன்பது, ஒரு வாரம் சளி பிடித்து எழுபத்தொன்று, பிறகு அறுபத்தாறு. சுரங்கம் பத்துக்கு எட்டு ஆனது, அந்தக் கடை ஓலெட்டில் வந்த அதே எட்டு, நம் வீட்டு வெயிலில்.

போன செவ்வாய்க்கிழமை மருத்துவக் குழு கூப்பிட்டது. நானும் போனேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு சரியாகச் சாத்தாததால் பேசுவது கேட்டது. பலகையில் விளக்குகள் எரியும், எரிகிற பக்கத்து லீவரை இழுக்க வேண்டும். அரைமணி நேரம் டக்கு டக்கு என்று சத்தம். அப்புறம் ஒரு டாக்டரின் குரல், "உங்க இடது கை கொஞ்சம் லேட்டா வருது, அது உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டது. அப்பா சொன்னார், "தெரியும் சார். வலது கையைவிட வினாடில இருபதுல ஒரு பங்கு லேட்டு. ஒன்னரை மாசம் முன்னாடி பத்துல ஒரு பங்கு இருந்துச்சு." பிறகு இன்னொருவர், இன்ஜினியராக இருக்க வேண்டும், "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார். "வீட்டுல லேப்காரங்க இருக்காங்க" என்றார் உன் அப்பா. கதவுக்கு வெளியே நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நீயே நினைத்துப் பார். முடிவைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பக்கத்துப் பெரிய கிரேன் இப்போது இல்லை. உள்முற்றத்தில் காலி கன்டெய்னர் அடுக்குகிற சின்னக் கிரேன், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பெரியது கிடைக்குமா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தன்னிடம் என்ன குறை என்று தெரிந்தவரை நம்பலாம் என்று அந்த இன்ஜினியர் சொன்னாராம், இதை வீட்டுக்கு வரும் வழியில் மூன்று தடவை என்னிடம் சொன்னார். நேற்றுதான் முதல் நாளாக வேலைக்குப் போனார், சட்டையை அவரே இஸ்திரி போட்டார், இடது கைப் பட்டனையும் அவரே போட்டுக்கொண்டார், கொஞ்சம் நேரம் ஆனது, நான் உதவிக்குப் போகவில்லை.

இதையெல்லாம் எழுதியது உன்னைக் குத்திக்காட்ட அல்ல கண்ணு. அவர் அன்றைக்குக் கேட்டுவிட்டார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மன்னிப்பு அது இது என்று போனில் ஆரம்பிக்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும், போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவார். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை, நீ படித்த படிப்பு அதுதானே, யாரையாவது கேட்டு எழுது. எவ்வளவு நல்ல டிவியிலும் பத்தொன்பதுக்குக் கீழே போகவில்லையே, அந்தப் பத்தொன்பதில் பெட்டி எடுத்துக்கொள்வது எவ்வளவு, கன்ட்ரோலரிலிருந்து கம்பியில்லாமல் வருவதற்கு எவ்வளவு, விளையாட்டு தானே யோசிப்பதற்கு எவ்வளவு, டிவிக்கு எவ்வளவு, இதைப் பிரித்து எண்ண ஒரு வழி இருக்குமா. லேபில் புது மெஷினிடம்கூட எனக்கு இவ்வளவு கேள்வி வந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, இருமலை அலட்சியம் பண்ணாதே. நீ எடுக்கிற காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நிறைய வருஷம் சந்தோஷமாக இரு என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். வருகிற ஞாயிறு நெட் நன்றாக இருக்கும், தயாராக இரு. முன்னே மாதிரி கடைசி வளைவில் அவருக்காக வண்டியை மெதுவாக்காதே, நீ மெதுவாக்குவதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இப்போது அவரும் கண்டுபிடித்துவிடுவார். மறக்காமல் எழுதச் சொல்லி அப்பா இப்போது வாசலிலிருந்து சொன்னது இது. உன் டிவியில் எத்தனை படம் தாமதம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்ணி அனுப்ப வேண்டுமாம், "அவ இத்தனை நாளும் ஜெயிச்சது கையாலயா டிவியாலயான்னு எனக்கு முதல்ல தெரியணும்" என்கிறார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா